கிளப் கைமாறும்போது வில்லங்கம் பார்ப்பது எப்படி

இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப் விலைக்கு வருகிறது என்று செய்தி கசிந்த அன்றைக்கே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். இப்போதிருக்கும் ஓனர் தொலைந்தால் போதும், யார் வந்தாலும் சரி என்பது ஒரு கட்சி. இருப்பதும் போய்விடுமோ என்று பதறுவது இன்னொரு கட்சி. ஆனால் இரண்டு கட்சியும் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: வாங்க வருகிறவரின் சொத்து எத்தனை பில்லியன்? அந்த எண் கிடைத்ததும் விவாதமே முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கிளப்பின் தலையெழுத்தைக் கணிக்கவே முடியாது. வாங்கும் பணம் யாருடையது, கடன் எந்தக் கம்பெனியின் தலையில் ஏறப்போகிறது, மைதானத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கும் என்ற மூன்றையும்தான் கேட்க வேண்டும். நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பதற்கு நிகரான வேலை இது. ரசிகர்களே செய்யலாம், பெரும்பகுதி காசில்லாமலே செய்யலாம்.

பணக்கார ஓனர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு எதிர்சாட்சி நியூகாசில் யுனைடெட். சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் 80 சதவீதப் பங்கு வைத்திருந்த கூட்டணி 2021 அக்டோபரில் சுமார் 305 மில்லியன் பவுண்டுக்கு அதை வாங்கியது. அதைவிடக் கனமான பணப்பை கால்பந்தில் அரிது. அப்படியிருந்தும் 2024 ஜூன் கடைசி நாட்களில் அவர்கள் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கும், யான்குபா மின்டேவை பிரைட்டனுக்கும் அவசர அவசரமாக விற்றார்கள். ஜூன் 30-ல் கணக்கை மூடுவதற்குள் வரவு காட்டியாக வேண்டியிருந்தது. அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி மூன்று ஆண்டுகளின் மொத்த நஷ்டம் 105 மில்லியன் பவுண்டைத் தாண்டக்கூடாது. அதிலும் 15 மில்லியனுக்கு மேற்பட்ட பகுதியை ஓனர் கடனாகக் கொடுத்தால் செல்லாது, பங்கு மூலதனமாகப் போட வேண்டும்.

ஆண்டர்சனை ஏன் விற்றார்கள் என்பதில் கணக்கு நுணுக்கம் ஒன்று இருக்கிறது. 50 மில்லியனுக்கு ஒரு வீரரை ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால் ஆண்டுக்கு 10 மில்லியன் செலவாக எழுதுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவரை 40-க்கு விற்றால், ஏட்டில் மிச்சமிருக்கும் 30-ஐக் கழித்து லாபம் 10 மட்டும்தான். சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கு ஏட்டில் மதிப்பு பூஜ்யம். விற்கும் தொகை முழுவதும் லாபம். சொந்த ஊரில் வளர்த்த பிள்ளையை விற்பதுதான் கணக்குக்கு ஆக லாபமானது என்ற கொடுமை இந்த விதியிலேயே இருக்கிறது, ஓனர் யாராயிருந்தாலும். 2026-27 சீசன் முதல் இந்த முறை மாறி, அணிச் செலவு வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு வருகிறது. அப்போதும் உச்சவரம்பைத் தீர்மானிப்பது கிளப்பின் வருமானம்தான், ஓனரின் பர்ஸ் அல்ல. மைதானம், பயிற்சிக்கூடம், அகாடமி ஆகியவற்றுக்குக் கொட்டும் பணத்துக்கு இந்தத் தடை இல்லை. எனவே வருகிறவரிடம் “எந்த ஸ்ட்ரைக்கரை வாங்குவீர்கள்?” என்று கேட்பதில் பயனில்லை. “மைதானத்துக்கு எவ்வளவு, எந்த ஆண்டில், கடனாகவா மூலதனமாகவா?” என்று கேட்க வேண்டும்.

அடுத்து, செய்தியில் அடிபடும் விலை. 2007 பிப்ரவரியில் லிவர்பூலை டாம் ஹிக்ஸும் ஜார்ஜ் ஜில்லெட்டும் வாங்கிய தொகை 218.9 மில்லியன் பவுண்டு என்று சொல்லப்பட்டது. அதில் பங்குதாரர்கள் கைக்குப் போனது 174.1. மீதி 44.8 கிளப்பில் ஏற்கெனவே இருந்த கடன். இந்த இரண்டில் எதுவுமே அணிக்கு வந்த பணம் அல்ல. பங்கு விற்ற பணம் விற்றவரின் வீட்டுக்குப் போகிறது. கிளப்பின் வங்கிக் கணக்கில் ஒரு பென்னி கூடச் சேராது. “300 மில்லியன் போட்டார்” என்று விவாதத்தில் யாராவது சொன்னால், யாரிடம் போட்டார் என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்த இருவரும் கிளப்பின் மேல் கடன் ஏற்றமாட்டோம் என்று சொல்லித்தான் வந்தார்கள். 2008 ஜனவரியில் 350 மில்லியன் பவுண்டுக்கு மறுகடன் எடுத்தபோது அதில் ஒரு பகுதி நேராகக் கிளப்பின் பெயரிலேயே வந்து உட்கார்ந்தது. 2010-ல் கடன் கொடுத்த ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் கெடு நெருங்க, இயக்குநர் குழு 300 மில்லியனுக்கு இன்னொருவருக்கு விற்க முடிவெடுத்தது. ஓனர்கள் அந்த இயக்குநர்களையே மாற்றிப் பார்த்தார்கள், உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். இயக்குநர் குழுவை மாற்றும் அதிகாரம் தலைவர் மார்ட்டின் பிராட்டனுக்கு மட்டுமே என்று வங்கியிடம் அவர்கள் எழுத்தில் கொடுத்திருந்த உறுதிதான் அவர்களைக் கவிழ்த்தது. அக்டோபர் 15 அன்று விற்பனை முடிந்தது. வாயால் சொன்னது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. எழுதிக் கொடுத்த ஒரு வரி கிளப்பைக் காப்பாற்றியது.

கடனை வைத்துக் கிளப்பை வாங்கும் முறையின் பாடப்புத்தகம் மான்செஸ்டர் யுனைடெட்தான். 2005-ல் கிளேசர் குடும்பம் கொடுத்த விலை சுமார் 790 மில்லியன் பவுண்டு. அதில் பெரும்பகுதி கடன். சுமார் 265 மில்லியன், அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப்பின் சொத்துகளையே அடமானமாக வைத்து வாங்கியது. இன்னொரு 275 மில்லியன் அளவுக்கு, வட்டியை மாதாமாதம் கட்டாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் வகைக் கடன். இதன் வேகம் பலருக்குப் புரிவதில்லை. 2010-ல் அந்தக் கடனின் வட்டி விகிதம் 16.25 சதவீதத்துக்கு ஏறியது. அந்த விகிதத்தில் 100 பவுண்டு ஐந்தே ஆண்டில் 212 பவுண்டாகிவிடும். 2010 ஜனவரியில் 500 மில்லியனுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டுப் பழைய வங்கிக் கடனை அடைத்தார்கள். அடைத்த கடனின் இடத்தில் புதுக் கடன் உட்கார்ந்ததே தவிர சுமை இறங்கவில்லை. வாங்கியவர் வாங்கிய விலைக்கு, வாங்கப்பட்ட கிளப் வட்டி கட்டுகிறது. டிக்கெட் எடுக்கும் ஒவ்வொருவரும் அந்த வட்டியில் பங்கு கட்டுகிறார்கள். இதைச் சொல்லும்போது கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தப் பங்கு வேட்டை நடந்த விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனியில் ஒருவர் 30 சதவீதத்தை எட்டினால் மற்ற எல்லோருடைய பங்குக்கும் விலை சொல்லியாக வேண்டும். 75 கிடைத்தால் சிறப்புத் தீர்மானம் போட்டு, சந்தையிலிருந்து விலக்கித் தனியார் கம்பெனியாக்கலாம். தான் விலை கேட்ட பங்குகளில் 90 சதவீதம் கைக்கு வந்துவிட்டால் மீதிப் பேரிடமிருந்து கட்டாயமாகவே வாங்கிக்கொள்ளலாம். 2005 மே 12 அன்று பெரிய பங்குதாரர்களான ஜான் மேக்னியர், ஜே.பி. மெக்மேனஸ் இருவரின் 28.7 சதவீதம் கிளேசர் கைக்கு மாறியதும் ஆட்டம் முடிந்தது. நான்கு நாளில் 75 தாண்டியது. சிறுகச் சிறுகப் பங்கு சேர்த்து வைத்திருந்த ரசிகர்கள் வேண்டாவெறுப்பாக விற்றார்கள்.

இந்தப் படிக்கட்டைத் தலைகீழாகப் பார்த்தால் ரசிகர் சங்கத்தின் பலம் தெரியும். 5 சதவீதம் இருந்தால் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லலாம். 25-க்கு மேல் ஒரே ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலும் சிறப்புத் தீர்மானங்களைத் தடுக்கலாம். ஸ்வான்சீ ரசிகர் சங்கத்திடம் 21 சதவீதம் இருந்தது. 2016-ல் மற்றப் பெரிய பங்குதாரர்கள் ஸ்டீவ் கப்ளன், ஜேசன் லெவியன் கூட்டணிக்குப் பெரும்பான்மையை விற்றபோது சங்கத்தை ஓரங்கட்டிவிட்டே பேசி முடித்தார்கள். அந்த நான்கு சதவீதம் அவ்வளவு முக்கியம். அதைவிட முக்கியம், பங்குதாரர் ஒப்பந்தத்தில் “பெரியவர் விற்றால் அதே விலைக்குச் சிறியவரின் பங்கையும் வாங்க வேண்டும்” என்ற ஷரத்து இருக்கிறதா என்பது. அது இல்லாவிட்டால் 21 சதவீதம் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

பிளாக்பூல் இதற்கு மறுபக்கம். ஓயஸ்டன் குடும்பத்துக்கு எதிராக ரசிகர்கள் பல சீசன்கள் மைதானத்துக்கே போகாமல் இருந்தார்கள். ஒரு பென்னியும் தரமாட்டோம் என்ற அந்த விரதம் மனதை உருக்குவது. ஆனாலும் ஓனரை அசைத்தது சிறுபான்மைப் பங்குதாரர் வலேரி பெலோகன் போட்ட வழக்கு. 2017 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவருக்கு 31.27 மில்லியன் பவுண்டு கொடுக்கச் சொன்னது. பணம் முழுதாக வரவில்லை, 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் சொத்துகளைத் தன் பொறுப்பில் எடுக்கும் அதிகாரியான ரிசீவரை நியமித்தது. மார்ச் 9 அன்று சவுத்எண்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். புறக்கணிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன், அது வருமானத்தை வற்ற வைத்தது, ஊர் அறிய வைத்தது. ஆனால் கதவைத் திறந்த சாவி பங்குச் சட்டத்தில் இருந்தது.

இனி மைதானம். டேக்ஓவர் விவாதங்களில் ஆகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான், ஆகப் பெரிய சேதம் நடப்பதும் இங்கேதான்.

டெர்பி கவுண்டி தன் பிரைட் பார்க் மைதானத்தை 2018-ல் ஓனர் மெல் மாரிஸின் இன்னொரு கம்பெனிக்கே சுமார் 80 மில்லியன் பவுண்டுக்கு விற்றது. அந்த ஆண்டு கணக்கில் லாபம் தெரிந்தது. 2021 செப்டம்பரில் கிளப் நொடித்து, திவாலைக் கையாள நியமிக்கப்படும் நிர்வாகியின் கைக்குப் போனபோது 12 புள்ளி பறிபோனது, பழைய கணக்கு மீறலுக்காக இன்னும் 9. மொத்தம் 21 புள்ளி இழந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. புள்ளியைவிடப் பெரிய சிக்கல், வாங்க வந்தவர்கள் கிளப்பை ஒருவரிடமும் மைதானத்தை இன்னொருவரிடமும் பேச வேண்டியிருந்தது. மைதானமில்லாத கிளப்பை யார் வாங்குவார்? கடைசியில் டேவிட் கிளவ்ஸ் முதலில் மைதானத்தைக் கைப்பற்றி, பிறகு 2022 ஜூலை 1 அன்று கிளப்பையும் வாங்கி முடித்தார். கோவன்ட்ரி சிட்டியோ வாடகைத் தகராறில் சொந்த ஊரைவிட்டு 2013-14-ல் நார்த்தாம்ப்டனிலும், 2019 முதல் இரண்டு சீசன் பர்மிங்ஹமிலும் போய் “ஹோம்” ஆட்டம் ஆடியது.

போர்ட்ஸ்மவுத் கதையை நிதானமாகப் பார்க்கலாம். அங்கே ரசிகர்கள் வாங்கவும் செய்தார்கள், விற்கவும் செய்தார்கள். 2010 பிப்ரவரியில் நிர்வாகியின் கைக்குப் போன முதல் பிரீமியர் லீக் கிளப் அது. இரண்டாவது முறையும் நொடித்த பிறகு ரசிகர் சங்கம் தலைக்கு 1,000 பவுண்டு என்று பங்கு சேர்த்து வாங்க வந்தது. பணம் சேர்ந்தும் கை வைக்க முடியவில்லை. ஏனென்றால் ஃப்ராட்டன் பார்க் மைதானம் முன்னாள் ஓனர் ஒருவரின் நிறுவனத்திடம் அடமானத்தில் இருந்தது. அடமானத்தை விடுவிக்காமல் மைதானம் வராது, மைதானம் வராமல் கிளப் பிழைக்காது. மைதானத்தின் மதிப்பு என்ன என்ற சண்டை உயர்நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 10 அன்று 3 மில்லியன் பவுண்டுக்கு உடன்பாடானது. ஒரு கிளப்பின் உயிர் வில்லங்கப் பதிவேட்டின் ஒரே ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான்கு ஆண்டு கழித்து அதே ரசிகர்கள் எதிர்த் திசையில் விவாதிக்க நேர்ந்தது. கடனை அடைத்தாயிற்று, கணக்கு சுத்தம். ஆனால் பழைய மைதானத்தின் பழுது பார்க்கும் செலவு சங்கத்தின் சக்திக்கு மீறியது. மைக்கேல் ஐஸ்னரின் டோர்னன்டே நிறுவனம் 5.67 மில்லியன் பவுண்டு விலையோடு, தனியாக 10 மில்லியன் பவுண்டை மூலதனமாகக் கிளப்புக்குள் போடுவதாகவும் முன்வந்தது. இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். ஐஸ்னர் ஊருக்கே வந்து ரசிகர்கள் முன் பேசினார். வாக்கெடுப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் விற்கலாம் என்றார்கள். எதிர்த்து வாக்களித்தவர்களின் வாதமும் எனக்கு நியாயமாகவே படுகிறது: இவர் நல்லவராக இருக்கலாம், இவர் யாரிடம் விற்பார் என்பதில் நமக்குக் குரல் இருக்காதே. ரசிகர் கையில் ஒருமுறை வந்த கிளப்பை விடுவது லேசான முடிவல்ல. ஆனால் விவாதம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி இல்லை. விலை, உள்ளே வரும் மூலதனம், மைதானச் செலவு என மூன்றும் தனித்தனியாக மேசையில் இருந்தன.

செல்சியில் வேறொரு பூட்டு இருக்கிறது. 1993-ல் தொடங்கிய ‘செல்சி பிட்ச் ஓனர்ஸ்’ என்ற பங்குதாரர் நிறுவனம் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் நிலத்தையும் கிளப்பின் பெயரையும் பிடித்து வைத்திருக்கிறது. 2011 அக்டோபரில் ரோமன் அப்ரமோவிச் தரப்பு அதைத் திரும்ப வாங்க முயன்றபோது 75 சதவீத வாக்கு தேவைப்பட்டது. கிடைத்தது 61.6. கிளப்பை 2022-ல் 2.5 பில்லியன் பவுண்டுக்கு வாங்கிய கூட்டணியும் இந்தப் பூட்டோடு சேர்த்துத்தான் வாங்கியது.

எல்லோராலும் இப்படிப் பூட்டுப் போட முடியாது. 2011-ன் உள்ளாட்சிச் சட்டப்படி மைதானத்தைச் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று பதிய உள்ளூர் கவுன்சிலிடம் ரசிகர் சங்கம் விண்ணப்பிக்கலாம். பதிவு ஐந்து ஆண்டு நிற்கும். விற்க வந்தால் ஆறு மாதம் அவகாசம் கேட்டு, பணம் திரட்டி விலை கேட்கலாம். ஆனால் ஓனர் அவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு: மைதானத்தை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளை விற்றால் இந்தச் சட்டம் குறுக்கே வராது. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம் இதைவிட வலுவானது. மைதானத்தை விற்கவோ ஊர் மாறவோ தனி ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும், சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் ஆதரவு வேண்டும். 2012-ல் கார்டிஃப் சிட்டியின் நீலச் சட்டையைச் சிவப்பாக்கி, 2015 ஜனவரியில் திரும்ப நீலத்துக்கு வந்த கூத்து இனி அவ்வளவு எளிதில் நடக்காது.

வில்லங்கம் பார்க்கும் வேலைக்கு வருவோம். பிரிட்டனின் ‘கம்பெனிஸ் ஹவுஸ்’ பதிவேட்டை யாரும் எங்கிருந்தும் இலவசமாகப் பார்க்கலாம். கிளப்பின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் மூன்று நான்கு கம்பெனிகள் வரும்: ஆட்டம் நடத்துவது ஒன்று, மேலே அதன் பங்குகளை வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனி ஒன்று, மைதானத்துக்கு ஒன்று. ஒரு தாளில் கிளைப்படமாக வரைந்துகொள்ளுங்கள். 25 சதவீதத்துக்கு மேல் கட்டுப்பாடு வைத்திருப்பவர் யார் என்று ஒவ்வொன்றிலும் பதிவு இருக்கும். கிளை ஜெர்சி, கேமன் தீவுகள் என்று வெளியே போனால் அதற்கு மேல் பதிவேடு பேசாது. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

பிறகு அடமானப் பக்கம். ஒவ்வொரு அடமானத்துக்கும் கடன் கொடுத்தவர் பெயர், தேதி, எதன் மேல் என்ற விவரத்தோடு ஆவணம் இருக்கும். எல்லா அடமானமும் அபாயமல்ல. அடுத்த ஆண்டு டிவி பணத்தையோ, விற்ற வீரரின் தவணையையோ காட்டி மக்வாரி போன்ற வங்கியில் முன்கூட்டிக் கடன் எடுப்பது கிளப்புகளின் அன்றாட நடைமுறை. மைதான நிலத்தின் மேல், பெயர் கேள்விப்படாத கம்பெனி ஒன்று, குறுகிய காலக் கடன் கொடுத்திருந்தால்தான் வயிற்றைக் கலக்க வேண்டும். நிலம் யார் பெயரில் என்பதை நிலப் பதிவேட்டில் சில பவுண்டு கட்டணத்தில் எடுத்துவிடலாம்.

ஆண்டுக் கணக்கை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். அங்கே தலைவரின் நம்பிக்கை வார்த்தைகள்தான் இருக்கும். பின்னால் இருக்கும் குறிப்புகளுக்குப் போங்கள். கம்பெனி தொடர்ந்து இயங்குமா என்பது பற்றிய குறிப்பில் “ஓனரின் ஆதரவை நம்பி” என்று இருந்தால், ஓனர் கைகழுவிய மறுநாள் சம்பளம் நிற்கும் என்று பொருள். ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன்களில் டிரான்ஸ்ஃபர் தவணை எவ்வளவு என்று பாருங்கள், புது ஓனர் முதலில் அடைக்கப்போவது அதைத்தான். தொடர்புடைய தரப்புகள் பற்றிய குறிப்பில் ஓனரின் மற்றக் கம்பெனிகளோடு கொடுக்கல் வாங்கல் வெளிப்படும். தனியார் கம்பெனி கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் அதுவே ஒரு சேதி.

பேச்சுவார்த்தை நடக்கும்போது “பிரத்யேக உரிமை கொடுத்தாயிற்று” என்ற செய்தியைக் கேட்டுப் பட்டாசு வெடிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட நாள்வரை வேறு யாரோடும் பேசமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். கணக்குச் சோதனை, பங்கு விற்பனை ஒப்பந்தம், லீக்கின் ஓனர் தகுதிச் சோதனை, பணம் கைமாறுவது எல்லாம் அதற்குப் பின்தான். பெரும்பாலான பேரங்கள் முறிவது ஒப்பந்தத்துக்கும் லீக் ஒப்புதலுக்கும் நடுவில். எவர்டனின் 94.1 சதவீதத்தை வாங்க 777 பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 2023 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டது. லீக் வைத்த நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் 2024 மே முடிவில் அது காலாவதியானது. அதற்குள் அவர்கள் கிளப்புக்குச் சுமார் 200 மில்லியன் பவுண்டு கடன் கொடுத்திருந்தார்கள். வாங்காமலே போனவரின் கடன் கிளப்பின் ஏட்டில் தங்கிவிட்டது. அடுத்து வாங்க வந்தவர்களுக்கு அதைத் தீர்ப்பதே பெரும் தலைவலி.

சோதனையே இல்லாமல் கைமாறினால் இன்னும் மோசம். 2018 டிசம்பரில் பரி கிளப்பை ஸ்டீவ் டேல் 1 பவுண்டுக்கு வாங்கினார். கிளப்பை நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்று லீக் கேட்டதற்குத் திருப்தியான சான்று வரவேயில்லை. 2019 ஆகஸ்ட் 27 அன்று, 1894 முதல் லீக்கில் இருந்த கிளப் வெளியேற்றப்பட்டது.

ரசிகர் சங்கம் வாங்க வருகிறவரைச் சந்திக்கப் போகும்போது கேள்விகளை முன்கூட்டி எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் கேட்பது நல்லது. வாங்கும் தொகையில் கடன் எத்தனை, அதற்கு வட்டி கட்டுவது எந்தக் கம்பெனி, மைதானம் இப்போதிருக்கும் கம்பெனியிலேயே இருக்குமா, வேறு கிளப்புகளில் பங்கு உண்டா. கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். கிரிஸ்டல் பேலஸ் 2025-ல் எஃப்ஏ கோப்பையை வென்று யூரோப்பா லீக் இடம் பிடித்தும், அதன் பங்குதாரர் ஜான் டெக்ஸ்டருக்குப் பிரான்ஸின் லியோன் கிளப்பிலும் பங்கு இருந்ததால் கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கப்பட்டது. மார்ச் 1-க்குள் பங்கை ஒழுங்குபடுத்தியிருக்க வேண்டும், தவறவிட்டார்கள். மைதானத்தில் வென்றதை ஒரு தேதி பறித்துக்கொண்டது.

ஒப்பந்தம் முடிந்து, புது ஓனர் ஸ்கார்ஃபைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்த பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. புதிதாக வைக்கும் எந்த அடமானத்தையும் 21 நாளுக்குள் கம்பெனிஸ் ஹவுஸில் பதிந்தாக வேண்டும். கையெழுத்தான தேதியைக் குறித்து வைத்து, நான்காவது வாரம் கிளப், ஹோல்டிங், மைதானக் கம்பெனி மூன்றின் அடமானப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். கடன் ஏற்றமாட்டோம் என்றவர்கள் ஏற்றினார்களா என்பது அங்கே தேதியோடு இருக்கும்.